கேட்காமல் வைத்த பெயர்

மே 4

மன்னிக்கவும். யாரிடம் கேட்கிறேன் என்று தெரியவில்லை. எங்கள் வீட்டில் எழுதுவது என்றால் யாருக்காவது விண்ணப்பம் எழுதுவது. தெருவில் பாதிப் பேருக்கு நான்தான் எழுதிக்கொடுத்திருக்கிறேன். ஒரு காரணமும் இல்லாமல் எனக்காக ஒரு பக்கத்தை நிரப்புவது தாளை வீணாக்குவது போலத்தான் இருக்கிறது. ஆனால் பட்டம் வாங்கியும் நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராதவளுக்கு வேறு வழி என்ன?

அடுத்த திங்கள் முதல் எங்கள் லுத்தரன் சபையில் விடுமுறைப் பள்ளி. பெரிய பிள்ளைகளின் வகுப்பு எனக்கு. நான் கேட்கவில்லை. ஆராதனை முடிந்ததும் செயலர் அறிவித்துவிட்டார்: "நம்ம சபையிலேயே வளர்ந்த பட்டதாரிப் பொண்ணு!" எல்லோரும் திரும்பினார்கள். நான் என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கையில் மைக் கிடைத்தால் பிடுங்க ஆள் வேண்டும். அதனால் எங்களுக்குள் அவர் மைக் மாமா.

அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. சபைக் கூடத்தைப் பெருக்குவதும் திருவிருந்துக் குவளைகளைக் கழுவுவதும் அம்மாவின் வேலை. அப்பா போனதிலிருந்து அந்தச் சம்பளத்தில்தான் எங்கள் இருவரையும் வளர்த்தாள்.

அக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது.

மே 8

அக்காவைப் பார்க்கப் போனேன். ஏழாம் மாதம். கால் வீங்கியிருக்கிறது, ஆனாலும் ஜெராக்ஸ் கடையில் நின்றுகொண்டேதான் வேலை. "உக்காந்தா எந்திரிக்க கிரேன் வேணும்டி" என்றாள்.

அந்தக் கடைக்கு ஒயரிங் பார்க்க வந்தவர்தான் அத்தான். எந்தச் சபையையும் சேர்ந்தவர் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். சபைக் கமிட்டி கூடி அக்காவின் பெயரை நீக்கியது. அப்பமும் ரசமும் தரும் திருவிருந்தில் இனி அவளுக்கு இடம் இல்லை. அதை ஒரு ஞாயிறு ஆராதனையில் மைக்கில் படித்தார்கள். அம்மா எழுந்து ஒரு வார்த்தை பேசவில்லை. நான் மட்டும் பேசினேனா?

விடுமுறைப் பள்ளியைப் பற்றிச் சொன்னேன். சிரிக்கவில்லை. "பிள்ளைங்ககிட்ட சத்தமாப் பேசு. உன் குரல் உனக்கே கேட்காது" என்றாள்.

மே 11

முதல் நாள். கூடத்தில் இரண்டு மின்விசிறி, ஒன்று சுற்றுகிறது, இன்னொன்று சுற்றுவதாகச் சத்தம் மட்டும் போடுகிறது. பிள்ளைகளுக்குப் பெயர் அட்டை எழுதி ஊசி குத்திவிட்டேன். முன்வரிசையில் ஒருத்தி ஓயாமல் கேள்வி கேட்கிறாள். ஒரே நாளில் எல்லோரும் அவளைக் கேள்விக்காரி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அவளுக்கு அதில் வருத்தம் இல்லை. "அட்டையில அதையே எழுதிடுங்க அக்கா."

மே 13

வெயில். தொண்டை போய்விட்டது. சந்தோஷமாக இருந்தேன் என்று எழுதவும் பயமாக இருக்கிறது.

மே 14

இந்த வருடப் பாடம் தண்ணீர். இன்று அவசர ஞானஸ்நானம். போதகர் வந்து சேர்வதற்குள் உயிர் போய்விடும் என்றால் விசுவாசி யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். தண்ணீர் ஊற்றி, பெயர் சொல்லி, பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தைச் சொன்னால் போதும். பிறகு போதகருக்குத் தெரிவித்தால் சபையில் அறிவித்து ஏற்றுக்கொள்வார்கள்.

"தண்ணி இல்லைன்னா ஜூஸ்ல கொடுக்கலாமா அக்கா?"

"கூடாது."

"எச்சில்?"

"சீ!"

"அந்த ஆளு வேணாம்னு சொன்னா?"

"வேணாம்னு சொல்றவங்களுக்குக் கொடுக்க மாட்டோம்."

"அவங்களால பேசவே முடியலைன்னா?"

கேள்விக்காரிதான். ஒரு பஞ்சுப் பொம்மையைக் கொண்டுவரச் சொல்லிப் பேச்சை மாற்றினேன். எல்லோரும் அதற்கு மாறி மாறி ஞானஸ்நானம் கொடுத்து, கடைசியில் பஞ்சு ஊறி அது பெருத்துப் போனது. கொடியில் தொங்கவிட்டோம்.

மே 19

ராத்திரி வெகு நேரமாகிவிட்டது. ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

மதியம் அக்காவுக்கு ரத்த அழுத்தம் ஏறிக் கடையிலேயே விழுந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் உடனே அறுத்துக் குழந்தையை எடுத்தார்கள். பெண். அக்காவுக்கு இன்னும் நினைவு திரும்பவில்லை. குழந்தை ராத்திரி தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். குழந்தை இருக்கும் அறைக்குள் ஒருவர்தான் போகலாம். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நீ போ. போய்க் கொடுத்துட்டு வா."

எதை என்று நான் கேட்கவில்லை.

"அக்காகிட்ட கேட்கணும்மா."

"அவ கண்ணு முழிக்கிற வரைக்கும் அது இருக்குமாடி?"

"அத்தான்கிட்டயாவது—"

"அவருக்கு இதெல்லாம் என்ன தெரியும்? நான் போனா கை நடுங்கும். நீதானே பிள்ளைங்களுக்குச் சொல்லிக்கொடுத்தே?"

அத்தான் வராந்தாவின் மறுகோடியில் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில்தான் இருந்தார். கூப்பிடவில்லை.

கண்ணாடிப் பெட்டி. உள்ளே என் உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிதாக ஒரு முதுகு. விஷயத்தைச் சொன்னதும் நர்ஸ் ஒரு மூடியில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். "சீக்கிரம்மா. நெத்தியில மட்டும். டியூப்ல படக்கூடாது."

விரலை நனைத்த பிறகுதான் தெரிந்தது, என்னிடம் பெயர் இல்லை. ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. காலையில் கேள்விக்காரிக்கு அட்டை கிழிந்துபோய்ப் புதிதாக எழுதிக் கொடுத்திருந்தேன். அவளுடைய சொந்தப் பெயர்தான் வாயில் வந்தது. அதையே சொன்னேன்.

தண்ணீர் பட்டதும் முகத்தைச் சுளித்தாள். அவ்வளவு சின்ன முகத்தில் அவ்வளவு கோபம்.

மே 20

விடிவதற்குள் போய்விட்டாள்.

சாயங்காலமே அடக்கம். ஞானஸ்நானம் பெற்ற குழந்தை என்று அம்மா செயலரிடம் பேசி, சபைக் கல்லறைத் தோட்டத்தில் மதிலோரம் இடம் வாங்கிவிட்டாள். அக்காவுக்கு நினைவு வந்திருந்தது, ஆனால் படுக்கையை விட்டு அசையக்கூடாது என்றார்கள். அவள் இல்லாமலே நடந்தது. பெட்டியை அத்தான் தூக்கிக்கொண்டு வந்தார். வாசலில் என்னைப் பார்த்ததும் நின்றார்.

"பேரு நீ வச்சியாமே."

தலையாட்டினேன்.

"அவகிட்ட நீயே சொல்லிடு. என்னால முடியாது."

போதகரிடமும் நடந்ததைச் சொன்னேன். "நல்ல காரியம்மா. சபையில அப்புறம் அறிவிக்கலாம், அவசரம் இல்ல" என்றார்.

மே 22

ஆஸ்பத்திரி. அக்காவுக்குப் பால் கட்டிக்கொண்டது. மார்பில் துணியைச் சுற்றி இறுக்கியிருந்தார்கள், அதுவும் நனைந்திருந்தது. "பிள்ளை போயிடுச்சுன்னு இதுக்கு யாரும் சொல்லல பாரு" என்றாள், தன் மார்பைக் காட்டி. நான் நர்ஸைக் கூப்பிடுகிறேன் என்று வெளியே வந்து வராந்தாவிலேயே நின்றுவிட்டேன்.

சொல்லவில்லை. நாளைக்கு.

மே 23

அக்காவை எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். அவர்கள் வீடு மாடியில், படி ஏற முடியாது. இன்றும் சொல்லவில்லை.

மே 24

விடுமுறைப் பள்ளி நிறைவு விழா. வாசலில் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். எங்கள் வீடு அடுத்த தெருதான், எல்லாம் அங்கே கேட்கும். அது எனக்கு ஏன் தோன்றவில்லை? எப்படித் தோன்றாமல் போனது?

பிள்ளைகள் பாடி, நடித்து, பரிசு வாங்கினார்கள். கடைசியில் மைக் மாமா எழுந்தார். "இந்த விடுமுறைப் பள்ளியோட பெரிய பலன் என்ன தெரியுமா? நம்ம பட்டதாரிப் பொண்ணு, தான் சொல்லிக்கொடுத்ததைத் தானே செஞ்சு காட்டிருக்கு. சாகப்போற ஒரு சிசுவைச் சபைக்குள்ள கொண்டுவந்திருக்கு!" அக்காவின் பெயரைச் சொல்லி, இன்னாரின் மகள் என்றார். பிறகு நான் வைத்த பெயரைச் சொன்னார். போதகர் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார், தாமதமாக.

பரிசு கொடுத்த ஒவ்வொரு பெயருக்கும் கைதட்டி வந்த பிள்ளைகள் இதற்கும் தட்டினார்கள். கேள்விக்காரி பெஞ்சில் ஏறி நின்றாள். "என் பேரு! பாப்பாவுக்கு என் பேரு!"

ஓடினேன்.

அக்கா அடுப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"யாருடி அது?"

வாசற்படியிலேயே நின்றுவிட்டேன்.

"ஸ்பீக்கர்ல சொன்னாங்களே, இன்னாரோட மகள்னு. ரெண்டு வருஷமா என் பேரு வராத மைக்குல இன்னிக்கு வந்துச்சே. யாரு அந்தப் பிள்ளை?"

"அக்கா, டாக்டர் சொன்னாரு, ராத்திரி தாண்டாதுன்னு… அம்மாதான்…"

அம்மா பின்னாலேயே வந்து சேர்ந்திருந்தாள். "பிள்ளைக்கு நல்லதுதானே பண்ணோம்? இல்லைன்னா எங்க கொண்டுபோய்ப் புதைச்சிருப்பே?"

"எங்கயோ புதைச்சிருப்போம், நானும் அவரும். நான் என்ன செத்தா போயிருந்தேன்? மயக்கத்துலதானே இருந்தேன்? என்னை வேணாம்னாங்க, சரி. என் பிள்ளை மட்டும் வேணுமாம். நீ எடுத்துக் குடுத்துட்டு வந்திருக்கே." இதை அம்மாவைப் பார்த்துச் சொல்லவில்லை. என்னை.

அப்புறம் குரல் இறங்கிவிட்டது. "நாங்க ஒரு பேரு வச்சிருந்தோம்டி. அதைச் சொல்லி அவளை ஒரு தடவைகூடக் கூப்பிடல நான்."

மே 25

அத்தான் ஆட்டோ கொண்டுவந்து கூட்டிப் போய்விட்டார். அக்கா என்னைப் பார்க்கவில்லை. அம்மா சபைக் கூடத்துக்குப் போய்க் குவளைகளைக் கழுவினாள். கழுவியவற்றையே மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தாள்.

நான் என்ன பண்ணிட்டேன்? நல்லதுன்னுதானே… இல்ல. நல்லதுன்னு நெனச்சுப் பண்ணல. அம்மா சொன்னா, பயந்துட்டேன், பண்ணிட்டேன். அவ்வளவுதான்.

மே 28

அக்கா போனை எடுக்கவில்லை. அத்தான் எடுத்து, "தூங்குறா" என்றார். மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லச் சொன்னேன். "சொல்றேன்" என்றார். எப்போதும்போல மரியாதையாகத்தான் பேசினார். கஷ்டமாக இருந்தது.

மே 31

ஆராதனை முடிந்து போதகர் அங்கியைக் கழற்றும் வரை காத்திருந்தேன்.

"அதை அழிக்க முடியுமா ஐயா?"

"எதும்மா?"

"பாப்பாவுக்கு நான் கொடுத்தது."

உட்காரச் சொன்னார். "அது செல்லும். மறுபடி கொடுக்கவும் முடியாது, இல்லைன்னு ஆக்கவும் முடியாது. நீ சரியாத்தான் செஞ்சிருக்கே."

"அப்ப பாப்பா நம்ம சபை. பாப்பாவோட அம்மா?"

"அது ஒழுங்கு நடவடிக்கை. கமிட்டி முடிவு. இது வேற, அது வேற."

"எனக்கு வேறயாத் தெரியல ஐயா."

என் குரல் அந்த அறையில் பெரிதாகக் கேட்டது. அவர் அங்கியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். அக்காவின் பெயரை நீக்கிய அந்தக் கமிட்டிக் கூட்டத்தில் இவரும்தான் உட்கார்ந்திருந்தார். அதை நான் சொல்லவில்லை. அவருக்கே ஞாபகம் வந்ததுபோல் இருந்தது.

ஜூன் 5

மைக் மாமா கூப்பிட்டு அனுப்பினார். சபைப் பள்ளி அலுவலகத்தில் ஓர் இடம் காலியாம், எனக்குத்தானாம். கூடவே மாதர் சங்கத்தார் பாப்பாவின் கல்லறைக்கு ஒரு சின்னக் கல் வைக்கப் போகிறார்களாம். பெயர் வெட்டக் கொடுத்தாகிவிட்டது என்றார்.

"வேணாம் மாமா."

"என்னது, வேலையா?"

"கல்லு. அந்தப் பேரை வெட்ட வேணாம்."

"ஏம்மா, சபை முன்னாடி சொன்ன பேரு—"

"எங்க அக்கா வச்ச பேரு இல்ல அது."

"உங்க அக்கா நம்ம சபையே இல்லையேம்மா."

அறையில் போதகரும் இருந்தார். இவ்வளவு நேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தவர் திரும்பினார். "கல்லு குடும்பத்தோடது. பெத்தவங்க சொல்ற பேருதான் வெட்டணும். கல்வெட்டுறவருகிட்ட நான் நிறுத்தச் சொல்லிடறேன்." அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அக்காவைச் சேர்த்துக்கொள்வதாகவும் சொல்லவில்லை.

மைக் மாமா மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். வேலையைப் பற்றி அப்புறம் பேச்சே வரவில்லை.

வீட்டில் சொன்னேன். அம்மா சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். "படிக்க வச்சதுக்கு இதான் பலனா?" என்று கேட்டுவிட்டு அழ ஆரம்பித்துவிட்டாள். வேலைக்காக அழுதாளா, பாப்பாவுக்காகவா, தெரியவில்லை.

ஜூன் 13

அக்கா மறுபடி கடைக்கு வருகிறாள் என்று கேள்விப்பட்டுப் போனேன். மெஷினின் வெளிச்சம் அவள் முகத்தில் ஓடி ஓடி மறைந்தது. இளைத்துவிட்டாள்.

"கஸ்டமர் வர்ற வழி. நகரு."

நகர்ந்து நின்றேன். போகவில்லை. கடை சாத்தும் வரை நின்றேன். அவள் ஷட்டரை இழுக்கத் திணறினாள், தையல் இன்னும் வலிக்கிறது போலிருக்கிறது. நான் போய் இழுத்தேன். தடுக்கவில்லை. பஸ் நிறுத்தம் வரை பேசாமல் நடந்தோம். பெஞ்சில் உட்கார்ந்து பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். பை இருந்த இடத்தில் நான் உட்கார்ந்தேன்.

மன்னிப்புக் கேட்டேன். சாலையைப் பார்த்துக்கொண்டே, "அம்மா சொன்னா கிணத்துலயும் குதிப்பியாடி நீ?" என்றாள். கல்லை நிறுத்தியதைச் சொன்னேன். வேலை போனதையும். "போகட்டும்" என்றாள். அது வேலைக்கா, எல்லாவற்றுக்குமா, கேட்கவில்லை. பஸ் வந்தது. ஏறிய பிறகு ஜன்னலிலிருந்து, "வெறும் வயித்தோட நிக்காதே, சாப்பிட்டுட்டுப் போ" என்றாள்.

கல் பெயரில்லாமல் பட்டறையில் கிடக்கிறது. ஆனால் நான் கேட்க நினைத்தது கல்லுக்காக இல்லை. பஸ் வரும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் கேட்க முடியவில்லை. கேட்க எனக்கு என்ன உரிமை? அவள் சொல்லாமலும் இருக்கலாம். சொல்லாவிட்டால் அதுவும் நியாயம்தான். நாளைக்கும் போவேன். உளறாமல் இருக்க இங்கே எழுதி வைத்துக்கொள்கிறேன், இதைத்தான் சொல்ல வேண்டும், சத்தமாக:

அக்கா, பாப்பாவுக்கு நீங்க வச்சிருந்த பேரு என்ன? எனக்குச் சொல்றியா? நான் ஒரு தடவை அவளை அந்தப் பேரு சொல்லிக் கூப்பிடணும்.