பெயர் போடாத கடிதம்

மச்சான்,

இன்று காலை ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் காபிரேட்டரைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவினேன். சோப்புப் போட்டும் கையில் மணம் போகவில்லை. மத்தியானம் சோற்றிலும் அதே மணம். நீ போய் நாற்பது நாளாகிறது. உன் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டேன். நீ கெட்டிக்காரன், நல்லவன், ஊரை மறக்காதவன் என்று அதில் இருக்கிறது. எல்லாம் உண்மைதான். இது அந்தப் பக்கத்தில் எழுத முடியாமல் போனது.

உனக்கு வாதாடாமல் இருக்க முடியாது. எங்கள் குருநகர்க் கரையில் மீன் விற்கிறவரோடு தேர்தலைப் பற்றிக் கதைக்கத் தொடங்கி, கூடையில் மீன் பழுதாகும்வரை அவரை விடாமல் நின்றாய். அவர் ஏசினார். நீ அசையவில்லை. "அவர் இன்னும் ஒத்துக்கொள்ளேல்லை மச்சான்" என்று என்னிடம் சொன்னாய். எண்பத்து மூன்று கலவரத்துக்கு அடுத்த வருடம் நீ வெளிநாட்டுக்குப் போனபோது, இனி யாரோடு மல்லுக்கட்டப் போகிறாயோ என்று நினைத்தேன். உனக்கு அங்கே ஒரு கணினியே கிடைத்தது.

தொண்ணூற்று மூன்றில் உன் கடிதம் ஒன்று வந்தது. பல்கலைக்கழகக் கணினியில் ஒரு விவாதக் குழுவுக்கு எழுதினால் பத்து நாட்டில் இருக்கும் தமிழர்கள் வாசித்து, அன்றைக்கே மறுத்தும் எழுதுவார்களாம். நான் அதைக் குப்பி விளக்கில் வாசித்தேன். மின்சாரம் போய் எத்தனையோ வருடம். வானொலி கேட்பதென்றால் சைக்கிள் டைனமோவைச் சுற்ற வேண்டும். பெட்ரோல் ஒரு போத்தல் கிடைப்பதே வில்லங்கம் என்பதால் என் கராஜில் மோட்டார் சைக்கிள்களை மண்ணெண்ணெயில் ஓடும்படி மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். காபிரேட்டரில் இரண்டு துளி பெட்ரோல் விட்டு உதைத்துக் கிளப்பினால், பிறகு மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டே ஓடும். உங்கள் குழுவில் ஒருவர் இது நடக்காத காரியம் என்று அடித்துச் சொல்கிறார், விளக்கமாக எழுது என்று கேட்டிருந்தாய்.

எழுதினேன். தொழில் தெரிந்தவனுக்கு அதைச் சொல்லச் சொன்னால் மனம் குளிர்ந்துவிடும். மூன்று பக்கம் அதைப் பற்றி எழுதி, நான்காவது பக்கத்தில் வீட்டுப் புதினம், செய்தி எல்லாம் எழுதினேன். தங்கச்சி ஜெசிந்தாவுக்குக் கொழும்பில் தாதியர் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டை விட்டுப் போவதென்றால் இயக்கத்தின் பாஸ் வேண்டும். இளம் ஆட்களுக்கு அது இலேசில் கிடைக்காது. அவள் இரண்டு முறை கேட்டும் இல்லை என்றுவிட்டார்கள். அதனால் பாஸ் இல்லாமலே போக ஒழுங்கு செய்திருந்தோம். கொடிகாமத்தில் மரக்கறி ஏற்றும் லொறிக்காரர் ஒருவர் அவளைக் கிளாலிக் கரைவரை கொண்டுபோய் விடுவார். அங்கிருந்து தெரிந்த படகு. இதையும் ஒன்று விடாமல் உனக்கு எழுதினேன். நீ என் சிநேகிதன். உனக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வது?

உங்கள் குழுவில் அந்த நேரம் இன்னொரு வாதமும் நடந்திருக்கிறது. ஊரை விட்டுப் போகிறவர்களை யாரும் மறிப்பதில்லை என்று ஒருவர் எழுத, நீ என் கடிதத்தை ஆங்கிலத்தில் முழுக்கத் தட்டிப் போட்டாய். என் பெயரை எடுத்துவிட்டாய். அவள் பெயரையும் எடுத்துவிட்டாய். குருநகர் இருந்தது, கராஜ் இருந்தது, ஒரே தங்கச்சி இருந்தாள், கொடிகாமம் லொறியும் இருந்தது. பத்து நாட்டுக்காரருக்கு அது யாரோ ஒருவரின் கதை. குருநகரில் அதைக் கண்டுபிடிக்க ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம் போதும்.

யாரோ அதை அச்செடுத்து இங்கே அனுப்பியிருக்கிறார்கள். ஓரத்தில் துளை துளையாக இருக்கும் நீளத் தாள். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இயக்கத்திலிருந்து ஒருவர் சைக்கிளில் கராஜுக்கு வந்தார். மரியாதையான ஆள். வாங்குப் பலகையில் உட்கார்ந்து, மண்ணெண்ணெய் வித்தையை நல்லாய் எழுதியிருக்கிறியள் அண்ணை என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தாளை நீட்டினார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மெல்ல மெல்ல வாசித்து தங்கச்சியின் கதைக்கு வந்தபோது அவர் கேட்டார்:

"தங்கச்சி வீட்டிலையோ?"

அடிக்கவில்லை, உறுக்கவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் தங்கள் கந்தோருக்கு வந்து முகம் காட்டிவிட்டுப் போகும்படி ஜெசிந்தாவுக்குச் சொன்னார்கள். லொறியை ஒரு மாதம் மறித்து வைத்தார்கள். பயிற்சி அவள் இல்லாமல் தொடங்கியது. பிறகு அந்த இடமும் போய்விட்டது. அவள் அழவில்லை. தைத்து வைத்திருந்த வெள்ளைச் சட்டைகள் இரண்டையும் மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்தாள். இரண்டு வருடம் கழித்து, போர் நெருங்கி எல்லாரும் ஊரை விட்டு நடந்தபோது, அதே லொறிக்காரர்தான் கொடிகாமத்தில் தன் மரக்கறிக் கொட்டிலில் எங்களுக்கு ஒரு மூலை தந்தார். பழைய கதையை அவர் எடுக்கவில்லை. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

உன் அடுத்த கடிதம் சந்தோசமாக இருந்தது. "உன்ரை கடிதத்துக்குப் பிறகு ஒருத்தரும் வாய் திறக்கேல்லை மச்சான்" என்று எழுதியிருந்தாய். நான் பதில் போடவில்லை. தபால் ஒழுங்காகப் போகாததால்தான் என்று நீ நினைத்துக்கொண்டாய். நானும் அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். உன்மேல் எனக்குக் கோபம், மச்சான். பெரிய கோபம். அதைச் சத்தமில்லாமல் வைத்திருக்கப் பழகிக்கொண்டேன்.

போர் முடிந்தபிறகு நீ குடும்பத்தோடு வந்தாய். ஜெசிந்தா உனக்கு ஒடியல் கூழ் காய்ச்சினாள். நண்டும் இறாலும் நிறையப் போட்டாள். நீ இரண்டாவது கோப்பை குடிக்கும்போது அந்தக் கதையை எடுத்தாய். எங்கள் கடிதம் எத்தனை நாட்டில் ஓடித்திரிந்தது, எத்தனை பேர் வாசித்தார்கள் என்று உன் மனைவிக்குச் சொன்னாய். அகப்பையோடு நின்ற ஜெசிந்தா உன் கோப்பையை நிரப்பினாள்.

"ஓம் அண்ணை, இஞ்சையும் வாசிச்சவை" என்றாள்.

நீ சிரித்தாய். அப்போது நான் சொல்லியிருக்கலாம். கூழ் ஆறிவிடும், குடி என்றுதான் சொன்னேன்.

நினைவு மலருக்காக உன் மகள் உன் பழைய எழுத்துகளைத் தேடியபோது அந்தக் கடிதம் அகப்பட்டிருக்கிறது. முப்பது வருடமாகியும் இணையத்தில் அப்படியே கிடக்கிறதாம். படம் எடுத்து அனுப்பி, இதை மலரில் போடலாமா என்று கேட்டாள். பெயர் இல்லைத்தான், ஆனாலும் மாமாவைக் கேட்காமல் போடக்கூடாது என்று எழுதியிருந்தாள். வேண்டாம் பிள்ளை என்று உடனே பதில் போட்டேன்.

பின்னேரம் ஜெசிந்தாவிடம் சொன்னேன். இப்போது கோவிலடி முன்பள்ளியில் படிப்பிக்கிறாள். ஒழுங்கையில் யாருக்குக் காயம் பட்டாலும் மருந்து கட்ட அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவள் குனிந்து கட்டுவதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது. செய்தது சரி என்பாள் என்று எதிர்பார்த்தேன்.

"என்னைக் கேக்காமல் ஏன் வேண்டாமெண்டனீங்கள்?" என்றாள்.

உனக்காகத்தான், அவன் செய்தது போதாதா என்றேன். அவள் தேத்தண்ணியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். குரல் உயரவில்லை.

"அந்த அண்ணை முகம் தெரியாத ஆக்களுக்கு எழுதினவர். அவருக்கு என்ரை அலுவலை எழுதினது ஆர்? எழுத முதல் என்னை ஒரு சொல்லுக் கேட்டனீங்களோ?"

பிறகு கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விட்டாள். முப்பது வருடமாக அவள் இதைக் கேட்காமல் இருந்திருக்கிறாள். நான் உன்மேல் கோபமாக இருக்கும்வரை கேட்கத் தேவையில்லை என்று நினைத்தாளோ என்னவோ. நீ செத்த செய்தி வந்த அன்று, உன்னை மன்னித்துவிட்டேன் என்று எனக்குள் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டேன். இப்போது அதை நினைக்க வெட்கமாக இருக்கிறது.

நான் அவளுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. சொல்ல இருப்பது 'கேட்கவில்லை' என்ற ஒரு சொல்தான், அதுவும் அவளுக்குத் தெரிந்ததுதான். நீ இருந்திருந்தால் என் பக்கத்துக்கு ஒரு வாதம் கண்டுபிடித்துத் தந்திருப்பாய். நல்லவேளை, நீ இல்லை.