இடமிருந்து வலம் ஒரு தையல்

ஜூன் 4

பல நாள் ஆலோசனைக்குப் பிறகு, வாசலில் தொங்கும் என் பெயர்ப்பலகையைத் துடைப்பது என்று இன்று காலை தீர்மானித்தேன். சாதக பாதகங்களை எல்லாம் எடைபோட்டாகிவிட்டது. ஈரத்துணியா, காய்ந்த துணியா என்ற கேள்வி மட்டும் மதியம் வரை இழுத்தது. கடைசியில் ஈரத்துணி வென்றது. தூசிக்கு அடியிலிருந்து ‘கால்நடை மருத்துவர்’ என்ற எழுத்துகள் வெளியே வந்தபோது மனைவி காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள்.

“தேதியக் குறிச்சு வச்சுக்குங்க,” என்றாள்.

குறித்துவிட்டேன். இந்த நாட்குறிப்பு அப்படித்தான் தொடங்குகிறது.

தீவனக் கம்பெனி என்னை வீட்டுக்கு அனுப்பி ஒரு மாதம் ஆகிறது. இத்தனை வருடம் அங்கே நான் ‘ஆலோசகர்’. யாரும் ஆலோசனை கேட்டதில்லை. அதனால் தவறாகச் சொன்னேன் என்று யாரும் குறை கூறவும் முடியாது. இனி மறுபடியும் வைத்தியம். கை இருக்கிறது, படிப்பு இருக்கிறது, பலகையும் துடைத்தாயிற்று.

ஜூன் 5

முகவரியை மாற்றச் சொல்லலாம் என்று கால்நடை மருத்துவக் கவுன்சிலுக்குப் போன் செய்தேன். ஒரு பெண் என் பதிவு எண்ணைக் கேட்டுத் தட்டினாள். மறுபடியும் தட்டினாள்.

“சார், உங்க லைசென்ஸ் காலாவதி ஆயிடுச்சே.”

“எப்ப?”

“ரொம்ப வருஷமாச்சு சார். உங்களுக்கே தெரியாதா?”

தெரியாது. படிப்பு என்பது அம்மைத் தழும்பு மாதிரி, வந்தால் போகாது என்றல்லவா இருந்தேன்? பால் பாக்கெட் மாதிரி தேதி போட்டு வைத்திருக்கிறார்கள். அப்படியானால் இப்போது நான் யார்? வாசலில் பலகை பளபளவென்று பொய் சொல்லிக்கொண்டிருக்கிறது. தூசியாவது நேற்று வரை மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

ஜூன் 6

பலகையைக் கழற்றினேன். ஆணி வர மறுக்கிறது.

ஜூன் 9

கவுன்சிலுக்கு நேரில் போனேன். விதி இதுதான்: உரிமம் இவ்வளவு காலம் காலாவதியாகிக் கிடந்தால், பதிவு பெற்ற ஒரு மருத்துவரின் கண்காணிப்பில் மூன்று மாதம் வேலை பார்க்க வேண்டும். நான் பிடிக்கலாம், துடைக்கலாம், எடை பார்க்கலாம். ஊசி போடக் கூடாது, தைக்கக் கூடாது, மருந்து எழுதக் கூடாது. மீறினால் என் பெயரை நிரந்தரமாக நீக்குவார்கள். கண்காணிப்பவரின் உரிமமும் போய்விடும்.

எனக்குத் தெரிந்த கால்நடை மருத்துவர்கள் மூன்று பேர். ஒருவர் இறந்துவிட்டார். ஒருவர் என்னோடு பேசுவதில்லை. மூன்றாமவர் என் மகளின் கணவர்.

மாப்பிள்ளையைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. ஈ காக்கை இல்லாத சாலையிலும் சிவப்பு விளக்குக்கு வண்டியை நிறுத்திக் காத்திருப்பவர். என் மகளைப் பெண் கேட்டு முதன்முதலாக வீட்டுக்கு வந்தபோது, “உங்களைப் பத்திச் சொல்லுங்க” என்றேன். “முன்பல் ஒண்ணு கட்டின பல்லுங்க. பின்னாடி தெரிஞ்சு வருத்தப்படக் கூடாது பாருங்க” என்றார். அன்றிலிருந்து அவரோடு எனக்குப் பேச்சு ஓடுவதில்லை. குறை இல்லாத மனிதரோடு எதைப் பேசுவது?

சாயங்காலம் போய்க் கேட்டேன்.

“வாங்க மாமா, உங்களுக்கு இல்லாததா? ஆனா ரூல்ஸ் ரூல்ஸ்தான். தப்பா எடுத்துக்கக் கூடாது.”

ஜூன் 15

மாப்பிள்ளையின் ஆஸ்பத்திரியில் முதல் நாள். கழுத்தில் ஓர் அட்டை மாட்டிவிட்டார்கள்: ‘கண்காணிப்பில் உள்ளவர்’. கிளியோடு வந்த ஓர் அம்மாள் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “என்ன பண்ணுனீங்க?” என்று ரகசியமாகக் கேட்டார்.

“மாமா, பின்னங்காலைக் கொஞ்சம் பிடிங்க.”

“பிடிச்சிருக்கேன் மாப்பிள்ளை.”

“இன்னும் கொஞ்சம் கெட்டியா.”

இதுதான் எங்கள் உரையாடல். இருவர் பேச்சிலும் மரியாதை சொட்டியது. சொட்டியது மரியாதை மட்டுமல்ல. நாய் என் சட்டையையும் நனைத்துவிட்டது. டோக்கன் மேசையில் உட்கார்ந்திருந்த மகள் கோப்புக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள். பார்த்துவிட்டேன்.

ஒரே ஒரு கிளர்ச்சி செய்தேன். கருவித் தட்டில் கத்தரிக்கோல் வலப்பக்கம் இருக்கிறது. பழக்கதோஷத்தில் அதை இடப்பக்கம் மாற்றி வைத்தேன். எனக்கு இடது கை. கல்லூரியில் என்னைப் ‘பீச்சாங்கை’ என்றுதான் கூப்பிடுவார்கள். மாப்பிள்ளை அதைத் திரும்ப வலப்பக்கம் வைத்தார்.

ஜூலை 3

ஒரு பூனை கடித்துவிட்டது. எனக்கு நானே மருந்து போட்டுக்கொள்ள அனுமதி உண்டா என்று மாப்பிள்ளைக்குச் சந்தேகம். அவரே போட்டுவிட்டார்.

ஜூலை 18

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் தன் நாயோடு வந்தார். நாயின் பெயர் மீதி. “அஞ்சு குட்டி. ஆளுக்கு ஒண்ணுன்னு நாலு பேருக்குக் கொடுத்தேன். இது மிஞ்சிச்சு,” என்று விளக்கம் சொன்னார்.

என்னைப் பார்த்து, “டாக்டர், இவன் சரியா சாப்பிட மாட்டேங்கிறான்,” என்றார்.

மாப்பிள்ளை குறுக்கிட்டார். “சார், அவங்கள இப்ப டாக்டர்னு கூப்பிடக் கூடாதுங்க.”

“பின்ன எப்படிக் கூப்பிடறது?”

“நான் மாமான்னு கூப்பிடறேன்.”

“எனக்கு இவர் மாமா இல்லையே.”

மாப்பிள்ளை சற்று யோசித்தார். வாத்தியார் சொன்னதிலும் தவறு இல்லை. கடைசியில் என்னை எப்படியும் கூப்பிடாமல் இருப்பது என்று முடிவாயிற்று. போகும்போது வாத்தியார் வாசலில் திரும்பி, “வரேன் டாக்டர்,” என்று வேண்டுமென்றே உரக்கச் சொன்னார்.

எனக்கு இன்று சாப்பாடு கூடுதலாக இறங்கியது.

ஆகஸ்ட் 11

 

மாப்பிள்ளை பால் பண்ணைக்குப் போயிருந்தார், ஈனும்போது கன்று மாட்டிக்கொண்ட பசுவைப் பார்க்க. வாத்தியார் மீதியைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். கம்பி வேலியைத் தாண்டியிருக்கிறது. வயிறு நீளமாகக் கிழிந்து குடல் வெளியே. போர்வை முழுக்க ரத்தம்.

மகள் போன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. எப்படி எடுப்பார்? போன் சட்டைப்பையில், கை மாட்டுக்குள்.

“அப்பா, வேற ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடலாம்பா.”

“போற வழியிலயே செத்துரும்.”

“அப்பா, ரூல்ஸ்...”

“தெரியும்டி! தெரியாதா எனக்கு?”

 மயக்க ஊசி போட்டேன். மகள் மூச்சைக் கவனித்தாள். குடலைக் கழுவி, ஓட்டை இருக்கிறதா என்று சாண் சாணாகப் பார்த்து — இல்லை, ஒன்றும் இல்லை — உள்ளே வைத்தேன். உள்தையல், பிறகு மேலே தோல். வாத்தியார் சுவரோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். போகச் சொன்னேன், போகவில்லை.

கத்தரிக்கோலை நான் எடுத்தது இடப்பக்கத்திலிருந்து. எப்போது அங்கே மாற்றி வைத்தேன்? நினைவில்லை.

நாய் பிழைத்துவிட்டது.

நான்? என்ன காரியம் செய்து வைத்தேன்? என்னோடு போனால் பரவாயில்லையே. மாப்பிள்ளையின் உரிமமும் போய்விடுமே. மகள் வீட்டில் அடுப்பு எரிவது அந்த ஆஸ்பத்திரியால்.

ஆகஸ்ட் 12

மாப்பிள்ளை தையலைக் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

“நல்லா வந்திருக்கு மாமா,” என்றார். பிறகு, “இத நான் கவுன்சிலுக்குச் சொல்லியாகணும்.”

“சொல்லுங்க மாப்பிள்ளை.”

“சொல்லணும்,” என்றார் மறுபடியும். போய்க் கை கழுவினார். ஏற்கெனவே கழுவிய கை.

ஆகஸ்ட் 16

இன்னும் சொன்னதாகத் தெரியவில்லை. கேட்கத் தைரியம் இல்லை. மகள் என்னிடம் ‘ஆமா’, ‘இல்ல’ தவிர எதுவும் பேசுவதில்லை.

ஆகஸ்ட் 18

தலையில் இடி.

வாத்தியார் கவுன்சிலுக்குப் போயிருக்கிறார். என்னைப் புகழ! “இப்பேர்ப்பட்ட கைக்காரருக்கு மூணு மாசம் எதுக்கு, இன்னைக்கே லைசென்ஸ் கொடுங்க” என்று சிபாரிசு செய்ய! வெறுங்கையோடு போகவில்லை; நாயையும் கூட்டிப்போய், அதிகாரியின் மேசைமேல் மல்லாக்கப் படுக்க வைத்துத் தையலைக் காட்டியிருக்கிறார். அங்கே அதைப் போட்டோ எடுத்துக்கொண்டார்களாம்.

“ஃப்ரேம் போட்டு மாட்டுவாங்கன்னு நினைக்கிறேன்,” என்றார், முகமெல்லாம் மலர்ச்சியாக.

 ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டேன்.

சாயங்காலமே மாப்பிள்ளைக்குப் போன் வந்தது. வெள்ளிக்கிழமை விசாரணை. நானும் வர வேண்டும். வாத்தியார் சாட்சி.

ஆகஸ்ட் 21

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் நாளை நானே நம்பமாட்டேன்.

நீள மேசை. நடுவில் கவுன்சில் தலைவி, இரண்டு பக்கமும் இரண்டு உறுப்பினர்கள். மேசைமேல் மீதியின் வயிறு, வண்ணத்தில்.  போகிற வழியில் மாப்பிள்ளை எல்லாச் சிவப்பு விளக்கிலும் நின்றார். உண்மையைத்தான் சொல்வார், வேறெதுவும் அவருக்கு வராது என்று மனசைத் தேற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தலைவி கேட்டார்: “இந்தத் தையல் யார் போட்டது?”

“நான்தாங்க,” என்றார் மாப்பிள்ளை.

காதில் விழுந்ததை என்னால் நம்ப முடியவில்லை. இவரா? கட்டின பல்லைக்கூட ஒளிக்காதவரா?

தலைவி போட்டோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “தொடர் தையல். ஆரம்ப முடிச்சு இடப்பக்கம், கடைசி முடிச்சு வலப்பக்கம். இடமிருந்து வலம் போயிருக்கு. நம்மள மாதிரி வலது கை ஆளுங்க வலமிருந்து இடம்தானே தைப்போம்? நீங்க இடது கைப் பழக்கமா டாக்டர்?”

‘மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்று தைத்தேன்’ என்று அவர் ஒரே வார்த்தை சொல்லியிருக்கலாம். அவ்வளவுதான். தையலின் திசை மாறிவிடும், விசாரணை முடிந்துவிடும். எந்தச் சில்லறைப் பொய்யனுக்கும் அது நாக்கு நுனியில் இருந்திருக்கும். வாழ்நாளில் முதல் பொய் சொல்கிறவருக்கு எது லேசான பொய், எது பாரமான பொய் என்று எப்படித் தெரியும்?

“ஆமாங்க,” என்றார். “இடது கைதான்.”

தலைவி என் பக்கம் திரும்பினார். “நீங்க என்ன செஞ்சீங்க?”

“பின்னங்காலைப் பிடிச்சிருந்தேன்,” என்றேன்.

வாத்தியார் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். “என்னங்க இது? என் கண்ணால பாத்தேன். இவர்தானே தச்சாரு! அவரு அங்க இல்லவே இல்லையே!”

“பதட்டத்துல இருந்திருப்பீங்க சார். ஆள் மாறித் தெரிஞ்சிருக்கும்,” என்றார் ஓர் உறுப்பினர், ஆறுதலாக.

வாத்தியார் என்னைப் பார்த்தார். நான் சொல்வேன் என்று காத்திருந்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். அதில் மூன்று இறக்கைகள்.

“சரி,” என்றார் வாத்தியார். “அப்ப நான்தான் கணக்கைத் தப்பாப் போட்டுட்டேன்.” உட்கார்ந்தார்.

வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். தலைவி பேனாவை நீட்டினார். மாப்பிள்ளையின் வலது கை பாதி தூரம் போய்விட்டது. அதை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் வாங்கினார். அவ்வளவு மெதுவாக ஒருவர் தன் பெயரை எழுதி நான் பார்த்ததில்லை. பேனா காகிதத்தில் கீறுகிற சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

“பழைய கையெழுத்து மாதிரி இல்லையே,” என்றார் தலைவி.

“விரல்ல மாடு மிதிச்சிருச்சுங்க.”

இரண்டாவது பொய் கொஞ்சம் சுலபமாக வந்தது. அதுதான் என்னைத் தூக்கிவாரிப்போட்டது.

திரும்பும் வழியில் ஒரு சிவப்பு விளக்கில் நிற்காமல் போய்விட்டார். நான் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 22

“ஏன் மாப்பிள்ளை?” என்று கேட்டேன்.

“பின்னங்காலைப் பிடிங்க மாமா,” என்றார்.

செப்டம்பர் 17

மூன்று மாதம் முடிந்தது. கண்காணிப்புச் சான்றிதழில் அவர் கையெழுத்திட்டார், கவுன்சில் அதிகாரியின் முன்னால், இடது கையால். அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றினேன்.

அக்டோபர் 6

உரிமம் வந்தது. மனைவி பலகையை எடுத்துக் கொடுத்தாள். பழைய ஆணியிலேயே மாட்டியாயிற்று. இந்த முறை துடைக்கவில்லை.

மீதிக்கு வருடாந்திரத் தடுப்பூசி நாள். வாத்தியார் வரவில்லை. என்னோடு பேசாத அந்த டாக்டரிடம் போய்ப் போட்டுக்கொண்டாராம், மருந்துக் கடைக்காரர் சொன்னார்.

மாப்பிள்ளையின் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டியது டிசம்பரில். விண்ணப்பத்தைக் கவுன்சிலில், அதிகாரியின் முன்னால் உட்கார்ந்து கைப்பட நிரப்ப வேண்டுமாம், நாலு பக்கம். மகள் சாயங்காலம் கடைக்குப் போய் ஒரு பென்சிலும் இரட்டைக் கோடு நோட்டு ஒன்றும் வாங்கி வந்தாள்.