பிரதர் தண்டர் என்கிற பெயர்

1955 மார்ச் 8, செவ்வாய்

மழை. இன்று ரேடியோவில் போட்ட இசைத்தட்டுகளில் பாதி குப்பை. ஒருத்தன் விக்குகிறான், பின்னால் மூன்று பேர் 'ஊ ஊ' என்கிறார்கள். இதற்கு ராக் அண்ட் ரோல் என்று பெயர். இதே சங்கதியைப் பத்து வருஷம் முன்னால் நம் கறுப்பர் தெருவில் வாசித்தபோது வெள்ளைக்காரப் பிள்ளைகளின் அப்பன்மார் ஜன்னலைச் சாத்தினார்கள். பெயரை மாற்றியதும் இனிக்கிறதாம்.

சாயங்காலம் மூன்று முதல் ஆறு வரை பர்மிங்ஹாம் முழுக்க என் குரல்தான். பிரதர் தண்டர் வாயைத் திறந்தால் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் மளிகைக்கடை வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள். அந்தப் பிரதர் தண்டர் ரேடியோ நிலையத்துக்குள் நுழைவது நிலக்கரிக் கிடங்கை ஒட்டிய பின்வாசல் வழியாக. முன்வாசல் வெள்ளைக்காரர்களுக்கு. என் மனைவி வெர்லீன் கேட்டாள்: "அந்த ஆளுங்க நடுவுல எப்படித்தான் தினம் சிரிக்கிற?" சம்பளம் வருகிற அன்று சிரிப்பு தானாக வரும் என்றேன்.

மார்ச் 14

முதலாளி கிராண்டால் ஒரு பையனைக் கூட்டிவந்தார். வெண்டெல் ஸ்டாடர்டாம். நம் விளம்பரதாரரான மாவுக் கம்பெனிக்காரரின் அக்காள் மகன். வயது இருபத்திரண்டு. மீசை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது.

"எல்மோர், இவனுக்கு வேலையைக் கத்துக்குடு. பக்கத்துல உக்காந்து பாக்கட்டும்."

எனக்கு நாற்பத்தொன்று. அவன் என்னை 'எல்மோர்' என்கிறான். நான் அவனை 'மிஸ்டர் வெண்டெல்' என்று கூப்பிட வேண்டும். ஊர் வழக்கம்.

மார்ச் 17

இசைத்தட்டின் ஓரத்தில் வைக்க வேண்டிய முள்ளைப் பையன் நடுவில் வைத்தான். அமெரிக்காவின் எதிர்காலம்.

ஏப்ரல் 5

என் பேச்சையெல்லாம் எழுதித் தரச் சொன்னார் கிராண்டால். எழுதினேன். எழுதினால் வந்துவிடுமா? மாவு விளம்பரத்தை நான் எதுகை மோனையோடு அடித்துவிட்டு இடிமாதிரி ஒரு சிரிப்புச் சிரிப்பேனே, அதை வெண்டெல் இன்று செய்து காட்டினான். கோழிக்குத் தொண்டை கட்டியது போல இருந்தது. எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

"எங்க தப்பு பண்றேன், எல்மோர்?" என்று கேட்டான்.

"தொண்டையிலேர்ந்து சிரிக்கிறீங்க மிஸ்டர் வெண்டெல். வீட்டு வாடகை கேட்டு வந்தவன் மாடிப்படியில தடுக்கி விழுந்தத நெனச்சுக்கிட்டு வயித்துலேர்ந்து சிரிங்க."

அவன் வீட்டுக்கு யார் வாடகை கேட்டு வந்திருக்கப் போகிறார்கள்! கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை? பொழுது போகிறதே என்று சாயங்காலம் முழுக்க அவனைச் சிரிக்கவிட்டு வேடிக்கை பார்த்தேன்.

ஏப்ரல் 20

தொண்டை வீங்கிவிட்டது. பேச முடியவில்லை. என் இடத்தில் வெண்டெல். வீட்டு ரேடியோவைப் போடவில்லை. பாவம், அவன் மானம் போவதை நான் வேறு கேட்க வேண்டுமா?

ஏப்ரல் 25

திரும்பிப் போனேன். வெண்டெல் பேசிய நாட்களில் ஒரு புகார்கூட வரவில்லையாம். டெலிபோன் எடுக்கும் பெண் சோம்பேறி. வந்ததை எழுதியிருக்க மாட்டாள்.

மே 12

மலைப்பக்கம், வெள்ளைக்காரர் குடியிருப்பில், பெரிய பலசரக்குக் கடை திறக்கிறார்கள். மாவு வாங்க வரும் பிள்ளைகளுக்குப் பிரதர் தண்டர் நேரில் கை கொடுப்பார் என்று இன்று என் வாயாலேயே நாலு தடவை சொல்லவைத்தார்கள். சட்டையை இஸ்திரி போட்டு வைத்தாள் வெர்லீன்.

மே 13

சட்டை அப்படியே மாட்டியிருக்கிறது.

வெண்டெல்தான் போகிறான். பிரதர் தண்டராக. கிராண்டால் என்னைப் பின்வாசலில் நிறுத்திச் சொன்னார்.

"உன்ன அங்க அனுப்பினா என்ன ஆகும்னு உனக்கே தெரியும். வம்பு எதுக்கு?"

"சார், பிரதர் தண்டர் நான்."

"பிரதர் தண்டர் நிலையத்தோட பேரு, எல்மோர். வேலைல சேர்ந்தப்பவே ஒத்துக்கிட்டதானே? பேரு எங்களுது, தொண்டை உன்னுது."

எந்த நிலையத்திலும் இதுதான் வழக்கம், எனக்குத் தெரியாததில்லை. ஆனால் ஏழு வருஷம்! அந்தப் பெயருக்குள்ள உசிர ஊதினது யாருய்யா? நீயா? உன் மாவுக்காரனா? அப்ப தொண்டையை எடுத்துக்கிட்டுப் போறேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். வர்றப்ப முன்வாசல் வழியாவே வந்தேன். வரவேற்புப் பெண் எழுந்து நின்றுவிட்டாள். போலீஸைக் கூப்பிடலாமா என்று யோசித்திருப்பாள்.

வெர்லீன், "திங்கட்கிழமை என்ன செய்யப்போற?" என்றாள்.

"வேடிக்கை பாக்கப் போறேன். நம்ம ஜனங்க டெலிபோன் கம்பிய எரிச்சிடுவாங்க பாரு. புதன்கிழமை கிராண்டால் இங்க வந்து நிப்பான்."

மே 16, திங்கள்

மூன்று மணிக்கு ரேடியோ முன்னால் காபியோடு உட்கார்ந்தேன்.

பாட்டின் பெயரில் 'ஜூடி' என்று வருகிற இடத்தில் வெண்டெல் மூக்கால் பேசுகிறான். மில் வேலை விட்டு வருகிறவர்களுக்கு வணக்கம் சொல்ல மறந்தான். தட்டு மாற்றும்போது வாய் காலியாக இருக்கிறது. எல்லாவற்றையும் வெர்லீனுக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டே வந்தேன். பிறகு அவன் சிரித்தான். வயிற்றிலிருந்து.

வெர்லீன் துணி மடிப்பதை நிறுத்திவிட்டு ரேடியோவைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

மே 18

கிராண்டால் வரவில்லை.

மே 21, சனி

முடிவெட்டப் போனேன். ஹொரேஸ் கடையில் எல்லா நாற்காலியிலும் நம்ம ஆட்கள்தான். மில்லில் இரும்பு காய்ச்சுகிறவர்கள். ஏழு வருஷமாக என் குரலைக் கேட்டே முகம் மழிக்கிறவர்கள். ஹொரேஸ் துண்டை என் கழுத்தில் கட்டினார்.

"என்னா தண்டர், நேத்து கலக்கிட்ட போ! தொண்டை கட்டினதுக்கப்புறம் குரல் இன்னும் கனமாயிருச்சு."

"நேத்து நான் வீட்ல இருந்தேன் ஹொரேஸ்."

"என்னது?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். கத்தரிக்கோல் நின்றது. கடை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. ஹொரேஸ் கொஞ்ச நேரம் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தார்.

"அப்படியா? வெள்ளக்காரப் பையனா? சேச்சே... அநியாயம்பா." மறுபடி வெட்ட ஆரம்பித்தார். "ஆனா பையன் நல்லாத்தான் பேசுறான்."

ஓரத்து நாற்காலிக்காரன் ரேடியோவை அணைக்கப் போனான். "இருக்கட்டும்டா, அடுத்த பாட்டு நல்ல பாட்டு" என்றான் இன்னொருத்தன்.

மூடர்கள். எல்லாரும் மூடர்கள். இவர்களுக்காகவா தொண்டை கிழியக் கத்தினேன்? மாட்டுக்கு முன்னால் வாசித்திருக்கலாம், தலையாவது ஆட்டியிருக்கும்.

மே 22

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டேன். தூக்கம் வரவில்லை. ஜனங்களைத் திட்டி என்ன பயன்? அந்தச் சிரிப்பைக் கொடுத்தது நான். அவன் நன்றாகத்தான் சிரிக்கிறான்.

ஜூலை 9

நாலு நிலையம் பார்த்தாகிவிட்டது. "பிரதர் தண்டர் மாதிரியே பேசுறீங்களே" என்கிறார்கள். "ஆனா அவர் அளவுக்கு வரல" என்றான் ஒரு குண்டன்.

ஆகஸ்ட் 15

ஜார்ஜியாவில், மேக்கனில் வேலை கிடைத்தது. அங்கே சாயங்கால நிகழ்ச்சி நடத்துகிறவன் பெயர் கேப்டன் ஷுகர். ஊரில் நல்ல பெயராம். ஆள் முதலாளியோடு சண்டை போட்டுப் போன வாரம் வெளியே போய்விட்டான். ஊருக்குத் தெரியாது. அவன் குரலைப் பதிந்த தட்டுகளை என்னிடம் கொடுத்தார் மேனேஜர். "ஒரு வாரம் கேளுங்க, அப்படியே பேசுங்க."

"மாட்டேன்னு சொல்லிட்டியா?" என்றாள் வெர்லீன்.

வெர்லீனின் தையல் வேலையில்தான் மே மாதத்திலிருந்து வீட்டில் அடுப்பு எரிகிறது. தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

ஆகஸ்ட் 20

இந்த ஷுகர் இழுத்து இழுத்துப் பேசுகிறான். மட்டமான ரசனை. வெட்கமே இல்லாமல் ஒரு நாளில் பிடித்துவிட்டேன்.

செப்டம்பர் 1, வியாழன்

இரண்டாவது வாரம். ஒரு புகார்கூட வரவில்லை. இந்தத் தடவை டெலிபோன் எடுக்கும் பெண்ணைக் குறை சொல்லவில்லை.

ஐந்து மணிக்கு, பாட்டு ஓடும்போது, என்னிடமே டெலிபோனைக் கொடுத்தார்கள்.

"கேப்டன் ஷுகருங்களா?"

"ஆமா கண்ணு, என்ன பாட்டு வேணும்?"

"பாட்டு வேணாம். காபித்தூள் விளம்பரத்துக்கு முன்னாடி நான் ஒரு மூச்சு நிறுத்துவேன். நீ நிறுத்த மாட்டேங்கிற. பஸ்ஸ விட்டவன் மாதிரி ஓடுற."

ஒரு வாரம் தட்டில் கேட்ட குரல். எப்படித் தெரியாமல் போகும்?

"நீங்களா?" என்றேன். "எங்க இருக்கீங்க இப்போ?"

"மருந்துக்கடையில பெட்டி தூக்குறேன். கடைக்காரன் ரேடியோவ நிறுத்தவே மாட்டேங்கிறான். தினம் என்னையே நான் கேக்க வேண்டியிருக்கு."

"என்னத் திட்டணும்னா திட்டுங்க."

"திட்டி என்ன ஆகப்போகுது? உனக்கும் வீட்ல சோறு வேணும். உன் பேரு என்ன?"

எத்தனை வருஷமாயிற்று, வேலையிடத்தில் ஒருத்தர் அதைக் கேட்டு! "எல்மோர் கிரிக்ஸ்பி" என்றேன்.

"நல்ல பேருதான். அத வீட்டுலயே வச்சுக்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

பாட்டு முடிந்தது. காபித்தூள் விளம்பரத்துக்கு முன்னால் ஒரு மூச்சு நிறுத்தினேன். அவர் சொன்னது சரி. நன்றாக இருந்தது.