ஏரிக்கரையில் நீ கூப்பிட்ட பெயர்

மச்சான்,

இன்று காலை லண்டன் சட்டனில் இருக்கும் என் வீட்டுக் கராஜை ஒதுக்கியபோது பழைய மண்ணெண்ணெய் அடுப்பு கையில் தட்டுப்பட்டது. மூடியைத் திறந்ததும் எழுந்த மணத்தில் நீ என் முன்னால் வந்து நின்றாய். நீ போன பின் வரும் இரண்டாவது இலையுதிர்காலம் இது.

தொண்ணூறுகளின் தொடக்கம். லண்டனிலேயே லூயிஷாமில் ஒரே வீட்டின் மேல்மாடியில் நீயும் மனைவியும், கீழே நான். பெற்றோல் நிலைய ஷிப்ட் முடிந்து வந்த நீ, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் சொன்னாய்: "மச்சான், வடக்கை போவம்."

தூக்கிவாரிப்போட்டது. எங்களுக்கு வடக்கு என்றால் ஒன்றுதான், விட்டுவந்த ஊர். சண்டையால் அப்போது அங்கே போக வழியில்லை.

"விசரோ உனக்கு? எந்த வடக்கு?"

"ஸ்கொட்லாந்திலை, மேலை. சனமில்லாத இடம்."

"சனமில்லாத இடத்திலை எங்களுக்கு என்ன வேலை?"

"வா, சொல்லுறன்" என்றாய். சொல்லவில்லை.

பிறகு ஒரே ஆயத்தம். பழைய காருக்கு டயர் மாற்றினாய். பனியைத் தோண்ட மண்வெட்டி, கயிறு, பெற்றோல் கான், இந்த அடுப்பு, அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள். உலாப் போகிறோமா, இடம்பெயர்கிறோமா என்றே எனக்கு விளங்கவில்லை. கம்பளிகளுக்கு நடுவே, அயன் பண்ணிய வெள்ளைச் சட்டை ஒன்றையும் வைத்தாய்.

உன் மனைவி என்னிடம் மெல்லக் கேட்டார்: "அண்ணை, இவருக்கு என்ன நடந்தது? உங்களிட்டையாவது சொன்னவரோ?"

"இல்லைத் தங்கச்சி."

போனோம். பழுப்பேறிய புல், ஆளற்ற தெரு, மலைகளுக்கு நடுவே கறுத்த ஏரி. அங்கே காரை நிறுத்தினாய். அந்தக் குளிரில் செத்தவீட்டுக்குப் போகிறவன்போல் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு கரைக்குப் போய், தொண்டை கிழிய, "குஞ்சன்!" என்று கூப்பிட்டாய். குரல் உடையும்வரை கூப்பிட்டாய்.

உன் குடும்பத்தில் எல்லாரையும் எனக்குத் தெரியும். அந்தப் பெயரில் ஒருவரும் இல்லை.

"ஆரடா அது?"

"லண்டனிலை சத்தமா அழ ஏலாது மச்சான். சுவருக்கு அங்காலை ஆள் இருக்கும்."

அது என் கேள்விக்குப் பதில்தானா? இன்றும் தெரியவில்லை. நீ அடுப்பை மூட்டிச் சோறு வைத்தாய். சாப்பிட்டோம். லண்டன் திரும்பியபின் நீ பழையபடி சிரித்துக்கொண்டு திரிந்தாய். எனக்கு மறுபடி கேட்க வாய் வரவில்லை. எத்தனையோ வருடம் கழித்து ஒரு நாள் மாரடைப்பு.

செத்தவீட்டில் உன் மனைவி அருகே வந்தார். "அண்ணை, அண்டைக்கு ஸ்கொட்லாந்துக்குப் போய் என்ன செய்தனீங்கள்?"

"சமைச்சுச் சாப்பிட்டனாங்கள்" என்றேன். அதற்குமேல் எதைச் சொல்வது? எனக்கே ஒன்றும் தெரியாதே.

குஞ்சன் குழந்தையா, பெரியவனா, இருக்கிறானா, இல்லையா? நீ அவனைக் கூப்பிட்டதைக் கேட்டவன் நான் ஒருவன்தான். வீட்டில் ஆளில்லாத வேளைகளில் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்கிறேன். நானும் மறந்துவிட்டால் அவனுக்கு யார் இருக்கிறார்கள்?