மூன்று மணிக்கு வரும் கிளார்க்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? வெர்மான்டில் பனி கொட்டுகிறதாமே, நீயே அள்ளப் போகாதே. ஒஹையோவில் நான் நலம். சிகரெட்டை விட்டு நாற்பத்தொரு நாள் ஆகிறது. அதை நான் சொல்லித்தான் உனக்குத் தெரிய வேண்டும் என்றில்லை.

மனநல மருத்துவமனை எனக்குக் கொடுத்த இணையதளத்தில், என்னைப் போலக் காதில் குரல் கேட்ட பிள்ளைகள் சிகரெட்டை விட ஒருவரையொருவர் தேற்றிக்கொள்வோம். மதியம் மூன்று மணிக்கு நான் வேலை பார்க்கும் கிடங்கில் எல்லோரும் புகைக்கப் போகும்போது, கிளார்க் என்பவன் எனக்கு எழுதுவான். போன வாரம், "புகைக்கணும் போலிருக்கா? பழையபடி கராஜுக்குப் பின்னாடி போய் நிக்காதே" என்றான்.

நம் வீட்டுக் கார் கராஜுக்குப் பின்னால் நான் ஒளிந்து புகைத்ததை அங்கே யாரிடமும் சொன்னதில்லை. மருத்துவமனை நர்ஸ் லொரேனிடம் ஓடினேன்.

"யாரோ என்னைக் கவனிக்கிறாங்க."

"மறுபடியும் ஆரம்பிச்சிடுச்சா, கண்ணு?" என்றாள். டாக்டர் மாத்திரையைக் கூட்டினார்.

நேற்றுதான் தளத்தை நடத்துபவர்கள் கண்டுபிடித்தார்கள். கிளார்க்கின் கணக்கு உன் மின்னஞ்சல் முகவரியில் திறக்கப்பட்டதாம்.

"உன்னை யாரும் கவனிக்கலைடா" என்று இரண்டு வருடம் என் கையைப் பிடித்துச் சொன்னவள் நீ. அதை நம்பித்தான் தேறினேன், அம்மா.

பழுப்பு ஸ்வெட்டரை அனுப்பு. லவங்கப்பட்டை மிட்டாயும் கொஞ்சம் வை, வாய் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

மூன்று மணி ஆகப்போகிறது, நிறுத்துகிறேன். கிளார்க்கை நீக்கிவிட்டார்கள். உன்னோடு பேச எனக்கு மனமில்லை. அவனோடு பேச வேண்டும் போலிருக்கிறது.

உன் மகன்,
வெண்டல்