ஏழாவது துணி

மார்ச் 3

என் அக்கா பெற்ற அருமைப் பம்பரத்துக்கு,

மாமா எழுதுவது. நான் நலம். உன் அத்தையும் நலம். என்னைத் திட்டும் சுருதி அரைக்கட்டை ஏறியிருப்பதே சாட்சி. சரக்குப் படகுக்காரர் உன் கடிதத்தைக் கொடுத்ததும் பட்டறையில் பதினான்கு எஞ்சின்களும் எழுந்து நின்று மரியாதை செய்தன.

நீ எஞ்சின் பார்க்கிற இழுவைப் படகு கறுப்புப் புகை தள்ளுகிறது, பாரம் இழுக்கும்போது மூச்சு வாங்குகிறது என்கிறாய். அதன் சூப்பர்சார்ஜரைப் போன மாதம் பிரித்து மாட்டியவன் யார்? உன் மாமன். எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிற அந்த யந்திரம் என் கை பட்டபின் புயலே அதனிடம் வந்து டியூஷன் படிக்கும். நட்டு கிட்டு உள்ளே விழக்கூடாதென்று உன் அத்தையின் நீலப்பூத் திரையைக் கிழித்து, ஏழு ஓட்டையையும் ஏழு துணியால் அடைத்தல்லவா வேலை செய்தேன். என் அனுமதி இல்லாமல் ஒரு கொசு உள்ளே போகவில்லை.

ஆகவே குற்றம் வேறிடத்தில். பெல்ட் வழுக்குகிறதா பார். ஏர் ஃபில்டரைக் கழுவு. ஹோஸ் இணைப்புகளில் சோப்புத் தண்ணி தடவு. குமிழி வந்தால் காற்று அங்கேதான் ஓடிப்போகிறது.

ஏழு கடல் எஞ்சின்களின் ஏகபோக வைத்தியர்,
உன் மாமா


மார்ச் 10

அன்புள்ள மாமாவுக்கு,

அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள். பெல்ட் இறுக்கமாகத்தான் இருக்கிறது. ஃபில்டரைக் கழுவினேன். குமிழி வரவில்லை. கரையில் கட்டி வைத்து ஓட்டினால் காற்றழுத்த முள் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறது. பாரம் கட்டி வேகத்தைக் கூட்டினால் சரிகிறது, புகை வருகிறது. "உன் எஞ்சின் கரையில மகாராணி, கடல்ல ஆஸ்துமாக்காரி" என்று கேப்டன் கேலி செய்துகொண்டிருந்தார். நேற்று பாரப்படகைத் திருப்ப இழுவை போதாமல் பாலத்தூணில் மோதாமல் ஒரு முழ இடைவெளியில் தப்பினோம். அதற்குப் பிறகு அவர் கேலி பேசவில்லை.

முதலாளி வந்தார். "உனக்கு எஞ்சின் ஓட்டத் தெரியல. மாசக் கடைசிக்குள்ள காரணத்தை எழுதிக் குடு, இல்லன்னா இறங்கிக்க" என்றார். இந்த வேலைக்காக மூன்று வருஷம் எண்ணெய் துடைத்தவள் நான்.

ஒன்று நேராகக் கேட்கிறேன். மூடும்போது துணிகளை எண்ணினீர்களா?

பம்பரம்


மார்ச் 13

என் குலவிளக்கே,

எண்ணினேனா என்று யாரைக் கேட்டாய்? பிறந்த அன்றே தொட்டிலில் கிடந்தபடி கூரை ஓடுகளை எண்ணி, இரண்டு குறைகிறது என்று கொத்தனாரை வரவழைத்தவனை. உன் அம்மா சொல்லவில்லையா? நீலப்பூத் துணி உலகத்தில் எத்தனையோ இருக்கிறது. அதை விடு. உள்ளே சுற்றுகிற ரோட்டருக்கும் உறைக்கும் நடுவில் இடைவெளி கூடியிருக்கலாம். எண்ணெய் சீல் கசியலாம். கடல் காற்றே இந்த வருஷம் மெலிந்துவிட்டதாகக் கேள்வி. எல்லாவற்றையும் ஆராய்ந்து எழுது.

மாமா


மார்ச் 19

மாமாவுக்கு,

எண்ணியிருந்தால் "எண்ணினேன்" என்று ஒரு வார்த்தை போதும். நீங்கள் கூரை ஓட்டைப் பற்றி எழுதியிருந்தீர்கள். படித்த கையோடு போய், ஃபில்டருக்கும் சூப்பர்சார்ஜருக்கும் நடுவில் வளைந்து போகும் குழாயைக் கழற்றினேன்.

நீலப்பூ.

மெதுவாக ஓடும்போது அடியில் சுருண்டு கிடந்திருக்கிறது. வேகம் கூடினால் காற்று அதை இழுத்து சூப்பர்சார்ஜர் வாயிலுள்ள கம்பி வலைமேல் அப்பிவிடும். நிறுத்தினால் மறுபடி கீழே விழுந்துவிடும். எடுத்துவிட்டுப் பாரம் இழுத்துப் பார்த்தேன். புகை இல்லை.

முதலாளியின் ஒன்பது படகும் உங்கள் பட்டறைக்குத்தான் வருகிறது. அது எனக்கு மறக்கவில்லை. அவர் எழுதிக் கேட்ட படிவத்தில் 'காரணம்' என்ற இடத்தை வெறுமனே விட்டிருக்கிறேன். அடுத்த சரக்குப் படகு உங்கள் பதிலைக் கொண்டுவரும்வரை அப்படியே இருக்கும்.

பம்பரம்


மார்ச் 22

பம்பரத்துக்கு,

எண்ணினேன். ஆறு இருந்தது. ஏழாவதை உன் அத்தை அடுப்பு துடைக்க எடுத்திருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுபடி பிரித்தால் ஒரு நாள் போகும். அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்பாள் என்று தெரியும்.

பாலத்தூண், ஒரு முழம் என்று நீ எழுதிய பிறகும் எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. அதற்கு என்னிடம் கதை எதுவும் இல்லை.

இன்று காலை முதலாளியை நேரில் பார்த்துச் சொன்னேன். "ஏன்யா, அந்தப் பொண்ணைப் போய் வைஞ்சுட்டேனே" என்றார். நாலு படகு இனி வேறு பட்டறைக்குப் போகும். மீதி ஐந்தை யோசிப்பாராம். உன்னை இறங்கச் சொல்ல மாட்டார்.

படிவத்தில் இப்படி எழுது: 'பட்டறைக்காரர் ஏழு துணி வைத்தார், ஆறு எடுத்தார்.' கீழே என் கையெழுத்துக்கு இடம் விடு.

பதினான்கு எஞ்சின்களும் இன்று உட்கார்ந்தேதான் இருக்கின்றன. சுவரில் ஏழு ஆணி அடித்திருக்கிறேன். ஏழிலும் துணி தொங்காமல் இனி எதையும் மூடுவதில்லை. இப்போது ஆறு தொங்குகிறது. உன்னிடம் இருப்பதை அனுப்பு.

துவைக்க வேண்டாம்.

மாமா