பெரிய சட்டிக்கு மாற்றாத மாவு

இன்று மத்தியானம் தோசைக்கு உளுந்தை அரைத்து, அரிசி மாவோடு சேர்த்து, உப்புப் போட்டுக் கையால் கரைத்துவிட்டு நிமிர்ந்தேன். நாளைக்குத் தீபாவளி. வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. மழை வருவதற்குள் வந்துவிடுகிறேன் என்று இவர் டவுனுக்குப் போயிருக்கிறார். பிள்ளைகள் இரண்டு பேரும் கொழும்பிலிருந்து சாயந்தரம்தான் வருவார்கள். மாவு வாசனை கையிலிருந்து மூக்குக்கு ஏறியதும், குசினியில் அடுப்புக்கு முன்னால் அன்று நீ நின்ற இடத்தைத் திரும்பிப் பார்த்தேன். வருஷா வருஷம் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் வெட்கத்தில் காது சுடுகிறது.

நீ வந்ததும் இப்படி ஓர் ஐப்பசி மத்தியானத்தில்தான். வடக்கில் சண்டை முற்றி, அந்தப் பக்கத்து ஆட்களையெல்லாம் சந்தேகப்பட்ட காலம். ஒரு கையில் குடை, இன்னொரு கையில் துணிப்பை, நெற்றியில் பொட்டு இல்லை. வாசலில் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தாய்.

"என்னாடி, பேயக் கண்டவ மாதிரி நிக்கிற? உள்ள விடுவியா மாட்டியா?"

பேயைக் கண்டிருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். உன் அடையாள அட்டையில் இருந்த வவுனியா விலாசம்தான் முதலில் என் நினைவுக்கு வந்தது.

நீ பிறந்தது வவுனியாவிலா? ரத்தோட்டைக்கு மேலே ஒரே தேயிலைத் தோட்டத்தில், ஒரே லயத்து வரிசை வீடுகளில், அடுத்தடுத்த காம்பராவில் பிறந்தவர்கள் நாம். தீபாவளி விடியலில் நீ என் தலையில் எண்ணெய் வைப்பாய், நான் உன் தலையில் வைப்பேன். நீ வைத்தால் மண்டை அதிரும். "இது தலையா, அம்மிக்கல்லா?" என்று வேறு கேட்பாய். கலவரத்தில் லயத்தை எரித்தபோது உன் அப்பா உங்களையெல்லாம் கூட்டிக்கொண்டு வவுனியாப் பக்கம் போனார். என் அப்பா போகமாட்டேன் என்று இங்கேயே இருந்துவிட்டார். அவ்வளவுதான் வித்தியாசம். அதனால் நான் மாத்தளையில் டீச்சரானேன், நீ பிறந்த ஊரிலேயே சந்தேகப்பட வேண்டிய ஆளானாய்.

உள்ளே வந்து, பையைக் கீழே வைத்து, தண்ணீர் குடித்துவிட்டு நீ சொன்னதை ஒரு சொல் விடாமல் வைத்திருக்கிறேன்.

"அவரு போயி ஏழு மாசமாச்சு. எங்க வீட்டுல இந்த வருஷம் எண்ணெச் சட்டி வைக்கக்கூடாது. அதுகூட பரவால்ல புள்ள. புள்ள குட்டியும் இல்ல, நாளைக்குக் காலைல தலையில எண்ணெ வைக்க ஆளில்ல. அதான் உன்கிட்ட வச்சுக்கலாம்னு பஸ் ஏறிட்டேன்."

உன் புருஷன் சாவுக்குக்கூட நான் வரவில்லை. பாதை சரியில்லை என்று கடிதம் எழுதினேன். அந்தக் கோபத்தை நீ கொண்டு வரவில்லை. தலையை மட்டும் கொண்டு வந்திருந்தாய்.

வீட்டில் தங்குகிறவர்களின் பெயர்களைப் பொலிசில் எழுதிக் கொடுத்து, நகலைக் கதவுக்குப் பின்னால் ஒட்டி வைத்திருந்த நாட்கள் அவை. ஒரு ராத்திரி தங்கும் விருந்தாளியையும் போய்ச் சொல்ல வேண்டும். இரண்டு கிழமைக்கு முன்னால்தான், பக்கத்துத் தெருவில் சொல்லாமல் ஆள் தங்க வைத்த வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு போய் மறுநாள் விட்டிருந்தார்கள். நான் கதவைப் பார்த்தேன். பிறகு உன்னைப் பார்த்துச் சொன்னேன்:

"ஐயோ, நாங்க இன்னைக்குச் சாயந்தரம் கண்டிக்குப் போறோமேடி. இவரோட பெரியம்மா வீட்டுக்கு. தீபாவளி அங்கதான்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, நான் அதைத் தட்டில் வைத்து உன் முன்னாலேயே நீட்டினேன். நீ தண்ணீர்ச் செம்பை வைக்கக் குசினிக்குள் வந்தாய். பிறகு, அடுப்பருகே ஈரத்துணி போட்டு மூடியிருந்த முறுக்கு மாவைக் காட்டினாய்.

"அப்ப இது வழியில சாப்பிடவா?"

"ஆமா."

"அப்ப நகரு. நீ புழிஞ்சா கண்டி பஸ் போயிரும்."

நான் நகர்ந்து இடம் விட்டேன். உன் வீட்டில் சட்டி ஏறாத வருஷத்தில், என் வீட்டுச் சட்டிக்கு நீ முறுக்குப் பிழிந்தாய். நான் போகாத பயணத்துக்கு. இறுகிப்போன முறுக்கு உரலை எப்போதும்போல வயிற்றோடு சேர்த்து அழுத்தினாய். நடுவில் பழைய கதையெல்லாம் சொன்னாய். நானும் சிரித்தேன். எப்படிச் சிரித்தேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

எல்லாம் முடிந்து கை கழுவப் போனவள், அடுப்புக்குப் பக்கத்தில் தட்டுப் போட்டு மூடியிருந்த சட்டியைக் கண்டாய். தட்டைத் தூக்கிப் பார்த்தாய். காலையில் கரைத்து வைத்த தோசை மாவு, கழுத்துவரை நிறைந்து நின்றது. சாயந்தரம் ஊருக்குப் போகிறவள் எவளும் தோசைக்குக் கரைத்துப் புளிக்க வைக்கமாட்டாள். அது உனக்குத் தெரியும். உனக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்கும் தெரியும். நீ தட்டைச் சரியாக மூடிவிட்டு முந்தானையில் கையைத் துடைத்தாய்.

முறுக்கைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தேன். பஸ் ஸ்டாண்டுக்கு வரவில்லை, கேட்டோடு நின்றேன். தூறல் விழுந்துகொண்டிருந்தது. குடையை விரித்துக்கொண்டு நீ சொன்னாய்:

"மாவு சட்டி நெறைய நிக்குது. அடுப்புச் சூட்டுல பொங்கி வழிஞ்சிரும். பெரிய சட்டிக்கு மாத்திரு."

குத்தலே இல்லை. என் குசினி பாழாகக்கூடாது என்றுதான் சொன்னாய். குத்தலாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் கோபப்பட்டிருப்பேன், அத்தோடு தப்பித்திருப்பேன். சந்து முனை திரும்பும்வரை உன் குடை தெரிந்தது. கூப்பிட்டிருக்கலாம். பொலிசுக்குப் பத்து நிமிஷ நடை. உன் பெயரை எழுதிக் கொடுத்தால் முடிந்தது.

இவர் வந்ததும் நடந்ததைச் சொன்னேன். நல்ல காரியம் செய்தாய் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். இவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே, "ஒரு ராத்திரிதானே? நானே போயி பேரு குடுத்திருப்பேனே" என்றார். சாக்காக இவருடைய பயத்தைத்தான் வைத்திருந்தேன், அதுவும் போய்விட்டது. பயந்தவள் நான் மட்டும்தான்.

அந்த மாவை நான் மாற்றி வைக்கவில்லை. சட்டியைத் தொடவே முடியவில்லை. காலையில் பார்த்தால் பொங்கி வழிந்து தரையெல்லாம் ஓடியிருந்தது. தலையில் எண்ணெய் வடிய, குனிந்து துடைத்தேன்.

நாலைந்து நாள் கழித்து நீ வவுனியாவிலிருந்து போன் எடுத்துப் பேசினாய். "மதவாச்சி செக் பாயிண்டுல நேரம் போயிருச்சுன்னு விடல. தீபாவளி காலைலதான் அந்தப் பக்கம் போக விட்டாங்க. முறுக்கு நல்லா ஒதவுச்சு புள்ள. அங்க நின்ன புள்ளைங்களுக்கெல்லாம் குடுத்தேன்." பிறகு, "கண்டியில எல்லாரும் சொகமா?" என்று கேட்டாய். சுகம் என்றேன்.

அந்தப் பொய்யை நீ எனக்காகச் சுமந்தாய். அதற்குப் பிறகும் இரண்டு மூன்று தரம் பேசினோம். அரிசி விலை, மழை, உன் முழங்கால் வலி. மன்னித்துக்கொள் என்று சொல்ல ஒவ்வொரு தரமும் வாயெடுத்தேன். அடுத்த தரம் சொல்லலாம் என்று வைத்துவிடுவேன். ஒரு நாள் உன் கொழுந்தன் பேசினார். காய்ச்சலில் மூன்றே நாளில் போய்விட்டாயாம். அன்றைக்குத்தான் முதல் தடவையாக வவுனியாவுக்குப் பஸ் ஏறினேன். பாதை சரியாகத்தான் இருந்தது. உன்னைக் குளிப்பாட்டுமுன் தலையில் எண்ணெய் வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். நீ ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது கதவுக்குப் பின்னால் பட்டியல் இல்லை, ஒட்டியிருந்த தடம் மட்டும் இருக்கிறது. அன்று சொன்ன பொய்க்குப் பிறகு எந்தத் தீபாவளிக்கும் நான் வீட்டைவிட்டுப் போனதில்லை. மாவைப் பெரிய சட்டியில்தான் கரைக்கிறேன், எங்களுக்கு வேண்டியதைவிட ஓர் ஆளுக்குக் கூடுதலாக.

போன கிழமை பிள்ளைகள், "இந்த வருஷம் தீபாவளிக்கு எல்லாரும் நுவரெலியா போவோமாம்மா?" என்று கேட்டார்கள். நான் எங்கேயும் வரமாட்டேன் என்றேன். ஏன் என்றார்கள்.

வீட்டில் மாவு புளிக்க வைக்க வேண்டும் என்றேன்.